பாடகர்களைப் போற்றும் நினைவு நாணயங்கள்: சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் நாணயப் பெட்டியைத் திறந்து காட்டும்போது, எல்லோருடைய கையும் முதலில் போவது எம்.எஸ். சுப்புலட்சுமியின் நூற்றாண்டு நாணயத்துக்குத்தான். எடுத்துப் பார்த்தவுடன் கேள்விகள் தொடங்கிவிடும். எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு, உள்ளே எவ்வளவு வெள்ளி, சிங்கப்பூரில் இப்படி ஒன்று உண்டா, லிட்டில் இந்தியாவில் விற்கிறார்களே அது அசலா என்று நீளும். அப்படிக் கேட்கப்பட்டவற்றையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் தருகிறேன்.

எந்தெந்தப் பாடகர்களுக்கு இந்தியா நாணயம் வெளியிட்டிருக்கிறது?

நம்மவர்கள் முதலில் கேட்பது எம்.எஸ். சுப்புலட்சுமி நாணயத்தைத்தான். மதுரையில் 1916 செப்டம்பர் 16 அன்று பிறந்தவர். அவருடைய நூற்றாண்டுக்காக 100 ரூபாய், 10 ரூபாய் என இரண்டு மதிப்புகளில் நாணயம் வந்தது. நாணயத்தில் 1916-2016 என்று இருந்தாலும், அரசு அறிவிப்பு வந்தது 2017-ல். எம்.ஜி.ஆர். நூற்றாண்டு நாணயமும் அதே சமயத்தில் அறிவிக்கப்பட்டதால் இரண்டையும் சேர்த்து வாங்கியவர்கள் நிறையப் பேர்.

அதற்கு முன்பே, 2014-ல், கஜல் பாடகி பேகம் அக்தரின் நூற்றாண்டுக்கு 100 ரூபாய், 5 ரூபாய் நாணயங்கள் வந்தன. அசாமின் பூபேன் ஹசாரிகாவின் நூற்றாண்டுக் கொண்டாட்டத்தில், 2025 செப்டம்பரில் குவாஹாட்டியில் 100 ரூபாய் நாணயத்தை இந்தியப் பிரதமர் வெளியிட்டார். பாடகர் என்ற வரம்பைக் கொஞ்சம் தளர்த்தினால் ரவீந்திரநாத் தாகூரையும் சேர்த்துக்கொள்ளலாம். அவருடைய 150-வது பிறந்த ஆண்டுக்கு 2011-ல் 150 ரூபாய், 5 ரூபாய் நாணயங்கள் வந்தன.

எம்.எஸ். நாணயம் கையில் எடுத்தால் எப்படி இருக்கும்?

100 ரூபாய் நாணயத்தைச் சொல்கிறேன். முதலில் தெரிவது அதன் கனம். 35 கிராம். குறுக்களவு 44 மில்லிமீட்டர். சிங்கப்பூரின் ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தையே பார்த்துப் பழகிய கைக்கு இது ஒரு சின்னத் தட்டு மாதிரி இருக்கும். விளிம்பைச் சுற்றி 200 கோடுகள் வெட்டியிருக்கும். நகத்தால் வருடினால் ஒரே சீராக ஓட வேண்டும்.

ஒரு பக்கத்தில் அசோகரின் சிங்கத் தலை, அதன் கீழ் வாய்மையே வெல்லும் என்ற வாசகம் தேவநாகரி எழுத்தில், ரூபாய்க் குறியுடன் 100. மறுபக்கத்தில் எம்.எஸ். அவர்களின் உருவம், பெயர், நூற்றாண்டைக் குறிக்கும் ஆண்டுகள். நாணயத்தை நேராகப் பிடித்துப் பார்ப்பதைவிட, மேசை விளக்குக்குக் கீழே கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் முகத்தின் மேடு பள்ளம் தெரியும். புகைப்படத்தில் பார்த்துவிட்டு "முகம் சரியாக வரவில்லையே" என்று சொல்பவர்கள் பலர் நேரில் பார்த்தபின் அப்படிச் சொல்வதில்லை.

உலோகம் நான்கின் கலவை. பாதி வெள்ளி, நாற்பது விழுக்காடு செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து விழுக்காடு. அதாவது 35 கிராமில் பதினேழரை கிராம்தான் வெள்ளி. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

10 ரூபாய் நாணயம் இந்தியாவில் வழக்கமாகக் காணும் இரட்டை உலோக நாணயம் போன்றது. விலையும் குறைவு. பிள்ளைகளிடம் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்ல அதுவே நல்லது.

மதுரையில் பிறந்த பாடகியின் நாணயத்தில் தமிழ் எழுத்து ஏன் இல்லை?

இந்திய நாணயங்களில் வாசகங்கள் தேவநாகரியிலும் ஆங்கிலத்திலும் வருவதுதான் வழக்கம். நினைவு நாணயங்களுக்கும் அதே ஏற்பாடு. அதனால் எம்.எஸ். பெயரும் அந்த இரண்டு எழுத்துகளில்தான் இருக்கிறது.

ஆனால் விலக்கே இல்லை என்று சொல்ல முடியாது. கலைஞர் கருணாநிதியின் நூற்றாண்டுக்காக 2024 ஆகஸ்டில் சென்னையில் வெளியிடப்பட்ட 100 ரூபாய் நாணயத்தில் "தமிழ் வெல்லும்" என்று தமிழிலேயே பொறித்திருக்கிறார்கள். அங்கே முடிந்தது எம்.எஸ். நாணயத்திலும் முடிந்திருக்கும். எம்.எஸ். என்ற இரண்டெழுத்துப் பெயராகவே தமிழர் வீடுகளில் வாழ்ந்தவர் அவர். அந்தப் பெயரைத் தமிழில் பார்க்கும் ஆசை எனக்கு இன்னும் தீரவில்லை.

இதைச் சொல்லும்போது சிங்கப்பூர் நாணயத்தையும் எடுத்துக் காட்டுவேன். நம் சட்டைப் பையில் கிடக்கும் ஐந்து காசில்கூட, சின்னத்தைச் சுற்றி நான்கு மொழிகளிலும் நாட்டின் பெயர் இருக்கிறது. அதில் ஒன்று தமிழ். தினம் தினம் கையில் புரளுவதால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. இந்தியாவிலிருந்து வரும் உறவினர்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

100 ரூபாய் என்று போட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கில் விற்கிறார்களே, ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. நாணயத்தில் பொறித்திருக்கும் மதிப்பு வேறு, விற்பனை விலை வேறு. இந்த 100 ரூபாய் நாணயங்கள் புழக்கத்துக்காக அடிக்கப்படுவதில்லை. சேகரிப்பவர்களுக்காக அழகான உறையில் வைத்து, நாணயச்சாலையே கூடுதல் விலைக்கு விற்கிறது. உள்ளே இருக்கும் வெள்ளிக்கே 100 ரூபாய்க்கு மேல் மதிப்பு உண்டு.

ஏமாற்று எங்கே வருகிறது என்றால், நாணயச்சாலை விலையைவிடப் பல மடங்கு கேட்கும்போது. ஒரு சுலபமான கணக்கு சொல்கிறேன். அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையைப் பதினேழரையால் பெருக்குங்கள். அதுதான் உலோகத்தின் மதிப்பு. அதற்கு மேல் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு காசும் வேலைப்பாட்டுக்கும், அரிதாக இருப்பதற்கும், உங்கள் ஆசைக்கும் கொடுப்பது. அப்படிக் கொடுப்பது தப்பில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

"புரூஃப்", "யூ.என்.சி." என்று இரண்டு விலை போடுகிறார்களே?

யூ.என்.சி. என்பது புழக்கத்தில் போகாத, புதிய நாணயம். புரூஃப் என்பது மெருகேற்றிய அச்சுகளைக் கொண்டு சிறப்பாக அடிப்பது. பின்புலம் முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும், உருவம் மட்டும் மங்கலான வெண்மையாகத் தெரியும். பரிசுக்கு என்றால் புரூஃப் வாங்குங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் யூ.என்.சி. போதும். புரூஃப் நாணயத்தில் ஒரே ஒரு விரல் ரேகை பட்டாலும் தெரியும், அது போகவும் போகாது.

முதலீடாக வாங்கலாமா?

வேண்டாம். வெள்ளியில் பணம் போட நினைத்தால் 99.9 விழுக்காடு சுத்தமான வெள்ளிக் கட்டியோ நாணயமோ வாங்குங்கள். சிங்கப்பூரில் அந்தச் சுத்தமோ அதற்கு மேலோ உள்ள, முதலீட்டுக்கு உகந்ததாக வரையறுக்கப்பட்ட வெள்ளிக்கு 2012 அக்டோபரிலிருந்து பொருள், சேவை வரி கிடையாது. பாதி வெள்ளி உள்ள நினைவு நாணயத்துக்கு அந்தச் சலுகை இல்லை. விற்கப் போகும்போதும் கடைக்காரர் கலவை உலோகம் என்று சொல்லி விலையைக் குறைப்பார்.

எம்.எஸ். நாணயத்தை வாங்குவது எம்.எஸ். என்பதற்காக. 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியவர், 1974-ல் மகசேசே விருது பெற்றவர், 1998-ல் பாரத ரத்னா பெற்ற முதல் இசைக்கலைஞர். கச்சேரிகளில் கிடைத்த பணத்தில் பெரும்பகுதியை அறப்பணிகளுக்கே கொடுத்தவர். அவர் முகம் பதித்த நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு என்ன விலை போகும் என்று பார்ப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

சிங்கப்பூரிலிருந்து எப்படி வாங்குவது?

புதிதாக வெளிவரும் நாணயம் என்றால், இந்திய அரசின் நாணயச்சாலைகள் முன்பதிவு அறிவிக்கும் வரை காத்திருங்கள். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் நாணயச்சாலைகள் இருக்கின்றன. இவற்றை நடத்துவது அரசு நிறுவனமான எஸ்.பி.எம்.சி.ஐ.எல். விற்பனை அதன் இணையத்தளம் வழியாக நடக்கும். நம்மில் பெரும்பாலோர் செய்வது, ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டு முகவரிக்கோ அத்தை வீட்டு முகவரிக்கோ வரவழைத்து, யாராவது வரும்போது கொண்டுவரச் சொல்வதுதான். அதுவே நல்ல வழியும்கூட. தபாலில் வரும் பெட்டி எத்தனை முறை தூக்கிப் போடப்படுகிறது என்று யாருக்குத் தெரியும்?

வெளியிட்டுச் சில ஆண்டுகள் ஆகிவிட்ட நாணயம் என்றால் வணிகர்களிடமும் சேகரிப்பாளர்களிடமும்தான் தேட வேண்டும். நாணயச்சாலையின் மூல உறையும் அட்டையும் இருக்கிறதா என்று கேளுங்கள். உறை இல்லாமல் தனியாக வரும் 100 ரூபாய் நாணயத்தின் விலை குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து கொண்டுவந்தால் வரி கட்ட வேண்டுமா?

48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் பயணிக்கு 500 வெள்ளி மதிப்புள்ள பொருள்கள் வரை பொருள், சேவை வரி விலக்கு உண்டு. அதற்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளி வரைதான். ஜோகூர் போய் அன்றே திரும்புகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு விஷயம் கவனம்: வேலை அனுமதி அட்டை, மாணவர் அட்டை, சார்ந்திருப்போர் அட்டை போன்றவற்றில் இங்கே இருப்பவர்களுக்கு இந்த விலக்கு கிடையாது. அண்மையில் வேலைக்கு வந்த தம்பிகளிடம் "இரண்டு நாணயம் எடுத்துவாப்பா" என்று சொல்லும்போது இதையும் சொல்லிவிடுங்கள். விலக்குக்கு மேல் போனால் 9 விழுக்காடு வரி. ரசீதைக் கையில் வைத்திருந்தால் பேச்சே இல்லை.

தபாலில் வருவது 400 வெள்ளிக்கு மேல் மதிப்புள்ளது என்றால் இங்கே இறக்குமதி ஆகும்போது வரி விழும். அதற்குக் குறைந்த மதிப்புள்ள பொருளுக்கும், விற்பவர் சிங்கப்பூரில் வரிக்குப் பதிவு செய்தவர் என்றால் வாங்கும்போதே வரியைச் சேர்த்துவிடுவார். இது 2023-லிருந்து நடைமுறையில் இருக்கிறது.

பழைய நாணயங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயங்களை அனுமதி இல்லாமல் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுவரக் கூடாது. தொல்பொருள் சட்டம் 1972 அதைத் தடுக்கிறது. தாத்தா காலத்து ராணி தலைக் காசை எம்.எஸ். நாணயத்தோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

வாட்ஸ்அப்பில் பின்னணிப் பாடகர்களின் "வெள்ளி நாணயம்" என்று விளம்பரம் வருகிறது. நம்பலாமா?

பெரும்பாலும் அவை நாணயம் அல்ல, பதக்கம். தனியார் அடிப்பவை. வட்டமாக, பளபளப்பாக, பாடகரின் முகத்தோடு இருப்பதால் மட்டும் நாணயமாகிவிடாது. நாணயம் என்றால் ஓர் அரசு அதை வெளியிட்டிருக்க வேண்டும், அதில் மதிப்பு பொறித்திருக்க வேண்டும்.

பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் ரூபாய்க் குறியும் எண்ணும் இருக்கிறதா? அடுத்து அசோகச் சிங்கம் இருக்கிறதா? அப்புறம்தான் முக்கியமானது: இந்தியாவில் ஒவ்வொரு நினைவு நாணயத்துக்கும் நாணயச் சட்டம் 2011-ன் கீழ் நிதி அமைச்சு அரசிதழில் விதிமுறை வெளியிடும். எந்த மதிப்பு, எந்த உலோகம், எவ்வளவு எடை, இரண்டு பக்கமும் என்ன இருக்கும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். விற்பவரிடம் "அரசிதழ் அறிவிப்பைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அசல் நாணயம் விற்பவர் உடனே அனுப்பிவிடுவார். மற்றவர் பேச்சை மாற்றுவார்.

நாணயம் கையில் வந்தபின் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 35 கிராமுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டக் கூடாது. இந்த இரண்டிலும் தேறியதாலேயே அசல் என்று முடிவு செய்துவிட முடியாது. ஆனால் இரண்டில் ஒன்றில் தவறினாலும் அது அசல் இல்லை என்பது உறுதி.

பதக்கம் வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பிடித்த பாடகரின் முகம் வீட்டில் இருக்கட்டும் என்று வாங்கலாம். நாணயம் என்று நம்பி நாணய விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொரு ரகமும் உண்டு. நியுவே போன்ற சின்னத் தீவு நாடுகளின் பெயரில், உலகப் பிரபலங்களையும் திரைக் கதாபாத்திரங்களையும் போட்டு வரும் நாணயங்கள். சட்டப்படி அவை நாணயம்தான். ஆனால் அந்தப் பாடகருக்கும் அந்தத் தீவுக்கும் ஒரு தொடர்பும் இருக்காது. ஒரு நாடு தன் பாடகரைத் தானே போற்றி வெளியிடும் நாணயத்தில் இருக்கும் நிறைவு அவற்றில் எனக்குக் கிடைத்ததில்லை.

விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகுமே, செய்யலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். குத்துவிளக்கையும் வெள்ளிக் குங்குமச் சிமிழையும் புளி போட்டோ விபூதி போட்டோ தேய்த்தே வளர்ந்த கைகள் நம்முடையவை. அதனால் மங்கிய நாணயத்தைப் பார்த்தால் கை தானாகப் போகும். விபூதித் தூள் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் நாணயத்தின் மேல் மெல்லிய கீறல்களைப் போட்டுவிடும். புரூஃப் நாணயத்தின் கண்ணாடிப் பரப்பில் அந்தக் கீறல்கள் சிலந்தி வலை போலத் தெரியும். அதற்கு மருந்தே கிடையாது. சேகரிப்பாளர் ஒருவர் தேய்த்த நாணயத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

சிங்கப்பூரில் நாணயத்துக்கு முதல் எதிரி ஈரக்காற்று. அதிலும் இந்த 100 ரூபாய் நாணயத்தில் நாற்பது விழுக்காடு செம்பு இருப்பதால் சுத்த வெள்ளியைவிட வேகமாக நிறம் மாறும். ஓரத்தில் முதலில் வெளிர் மஞ்சள், பிறகு பழுப்பு, கவனிக்காமல் விட்டால் கறுப்பு. நான் செய்வது இதுதான்: மூல உறையிலேயே வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடிவிடுகிறேன். பொட்டலங்களை அவ்வப்போது மாற்ற வேண்டும். கேமரா வைத்திருப்பவர்கள் வீட்டில் ஈரம் நீக்கும் மின்பெட்டி இருந்தால் அதில் ஒரு தட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சமையலறைக்குப் பக்கத்து அலமாரியிலும், சாம்பிராணி போடும் பூஜை அறையிலும் வைக்காதீர்கள். பி.வி.சி. கலந்த மெல்லிய பிளாஸ்டிக் உறைகளும் கூடாது. நாளாக ஆக அவை பிசுபிசுத்துப் பச்சையாக ஒட்டிக்கொள்ளும்.

எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள். மேசையில் ஒரு துணியை விரித்துவிட்டு எடுங்கள். கைதவறினால் துணிமேல் விழட்டும்.

டாலராக்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாமா?

வளையம் பற்றவைத்தால் நாணயம் போய்விட்டது. இந்தியச் சட்டமும் நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் தடை செய்கிறது. ஆசை என்றால் பதக்கம் ஒன்றை வாங்கி அதில் செய்யுங்கள்.

கடையில் கொடுத்துச் செலவழிக்கலாமா? சிராங்கூன் சாலையில் மாற்ற முடியுமா?

நாணய மாற்று வணிகர்கள் பொதுவாகத் தாள் பணத்தைத்தான் வாங்குவார்கள், நாணயத்தை வாங்குவதில்லை. இந்தியாவிலும் கொடுத்த விலையில் ஒரு சிறு பங்குதான் 100 ரூபாய். யாரும் அப்படிச் செலவழிக்க மாட்டார்கள்.

மற்ற நாடுகள் தங்கள் பாடகர்களை நாணயத்தில் போட்டிருக்கின்றனவா?

நிறைய. எனக்கு மிகவும் பிடித்தது எகிப்து. அரபு உலகமே காது கொடுத்துக் கேட்ட உம் குல்தூம் 1975 பிப்ரவரியில் இறந்தார். மறு ஆண்டே, 1976-ல், ஒரு பவுண்டு வெள்ளி நாணயத்தில் அவரைப் பொறித்தது எகிப்து. நூற்றாண்டு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அவர் குரலைக் கேட்டு வாழ்ந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் கைக்கு அந்த நாணயம் போய்ச் சேர்ந்தது. அந்த அவசரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிரிட்டன் 2020-லிருந்து இசைக்கலைஞர்களுக்கென்று ஒரு தொடரே நடத்துகிறது. முதலில் வந்தது குவீன் இசைக்குழு. அந்த நாணயத்தில் முகங்கள் இல்லை, நால்வரின் இசைக்கருவிகள்தான் இருக்கின்றன. குழுவின் பாடகர் பிரெடி மெர்குரி ஸான்ஸிபாரில் பார்சி குடும்பத்தில் பிறந்து மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் பள்ளிக்குப் போனவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2023-ல் வேல்ஸ் பாடகி ஷர்லி பாஸிக்கு நாணயம் வந்தது. பிரிட்டிஷ் அரச நாணயச்சாலை இருப்பதும் வேல்ஸில்தான். கார்டிஃபில் பிறந்தவரின் நாணயம் சொந்த மண்ணிலேயே அச்சானது.

அமெரிக்கா 2024-ல் கியூபாவில் பிறந்த பாடகி செலியா குரூஸை 25 காசு நாணயத்தில் போட்டது. மேடையில் அவர் உற்சாகமாகக் கூவும் "அசூகார்!" என்ற சொல்லும் அதில் இருக்கிறது. சர்க்கரை என்று பொருள். இது சேகரிப்பாளருக்கு மட்டுமான நாணயம் இல்லை. காப்பி வாங்கினால் மிச்சமாகக் கிடைக்கும் நாணயம். போலந்தும் 2009-ல் பாடகர் செஸ்வாவ் நியெமெனுக்கு வெள்ளி நாணயத்தோடு, புழக்கத்துக்குப் போகும் 2 ஸ்வாட்டி நாணயத்தையும் வெளியிட்டது. பாடகரைப் போற்றும் நாணயம் பெட்டிக்குள்ளேயே இருக்காமல் பால் வாங்கும் பாட்டியின் கைக்கும் போக வேண்டும் என்பது என் விருப்பம். அந்த வகையில் இந்த இரண்டு நாடுகளும் செய்தது எம்.எஸ்.ஸின் 100 ரூபாய் நாணயத்தைவிட ஒரு படி மேல்.

தாள் பணத்தில் பாடகர்கள் வந்ததும் உண்டு. ஆஸ்திரேலியாவின் 100 டாலர் தாளில் ஓபரா பாடகி நெல்லி மெல்பா இருக்கிறார். சுவீடனின் 500 குரோனா தாளில் பிர்கிட் நில்சன். நார்வே 1997-ல் வெளியிட்ட 100 குரோனா தாளில் கிர்ஸ்டன் பிளாக்ஸ்டாட் இருந்தார். பக்கத்து இந்தோனேசியா தன் தேசிய கீதத்தை இயற்றிய டபிள்யூ. ஆர். சுப்ரத்மானை 1999-ல் 50,000 ருப்பியா தாளில் போட்டது.

சிங்கப்பூர்ப் பணத்தில் இசைக்கு இடம் உண்டா?

உண்டு, தேடினால் தெரியும். 2013-ல் வந்த மூன்றாம் வரிசை ஐந்து காசில் இருப்பது எஸ்பிளனேட் அரங்கம். ஒவ்வோர் ஆண்டும் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழாவில் நம் பாடகர்களைக் கேட்கப் போகிறோமே, அதே முள்நாறி (டுரியான்) கூரைதான். 1999-ல் வந்த ஆயிரம் வெள்ளித் தாளின் பின்பக்கத்தில் தேசிய கீதத்தின் வரிகள் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன. 2021 ஜனவரியிலிருந்து புதிய ஆயிரம் வெள்ளித் தாள்கள் வெளியிடப்படுவதில்லை. இருப்பவை செல்லும்.

தமிழர் முகம் வேண்டும் என்றால் 2019-ல் வந்த இருநூறாண்டு நினைவு 20 வெள்ளித் தாளைப் பாருங்கள். அதில் இருக்கும் எட்டு முன்னோடிகளில் ஒருவர் கொடைவள்ளல் பி. கோவிந்தசாமிப் பிள்ளை.

சிங்கப்பூர்ப் பாடகருக்கோ இசையமைப்பாளருக்கோ நாணயம் வர வேண்டும் என்றால் யார் முடிவு செய்வார்கள்?

நாணயம் வெளியிடும் அதிகாரம் சிங்கப்பூர் நாணய ஆணையத்துடையது. தனி மனிதருக்கு நாணயம் வெளியிட்டதற்கு நம் எல்லோர் நினைவிலும் இருக்கும் உதாரணம் 2023-ன் லீ குவான் யூ நூற்றாண்டு 10 வெள்ளி நாணயம். பொன்னிறத்தில் இருந்தாலும் தங்கம் இல்லை, அலுமினியமும் செம்பும் கலந்தது. அதை 10 வெள்ளிக்கே கொடுத்தார்கள் என்பதுதான் விசேஷம். விண்ணப்பித்தவர்கள் வங்கியில் போய் வாங்கிக்கொண்டார்கள். கூடுதல் விலை இல்லை. என் அடுக்குமாடியில் அந்த நாணயம் இல்லாத வீடு குறைவு.

ஓர் இசைக்கலைஞருக்கும் அதே முறையில் ஒன்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. யாருக்கு என்று கேட்டால் முதலில் சுபிர் சயீத் என்பேன். 1907-ல் சுமத்ராவில் பிறந்து, சிங்கப்பூருக்கு வந்து, நம் தேசிய கீதத்தை எழுதி இசையமைத்தவர். தமிழ்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை எல்லோரும் பள்ளியில் காலையில் நின்று பாடுவது அவருடைய பாட்டை. அவருக்கு ஒரு வெள்ளி மதிப்பில், புழக்கத்துக்குப் போகும் நாணயம் ஒன்று வந்தால் போதும். அதற்குப் பின் நம் சமூகத்துப் பாடகர்களைப் பற்றிப் பேசலாம். சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949-லிருந்து இங்கே இசை கற்றுக்கொடுக்கிறது. வானொலியிலும் கோயில் மேடைகளிலும் பாடிப் பாடி இந்த ஊரின் தமிழிசையை வளர்த்தவர்களின் பெயர்களைத் தொகுக்கும் வேலை முதலில் நடக்கட்டும். கோரிக்கை எழுத அந்தத் தொகுப்பு வேண்டும்.

பிள்ளைகளுக்கு விட்டுப்போக நினைக்கிறேன். நாணயத்தோடு என்ன எழுதி வைக்கலாம்?

ஒரு சின்ன அட்டை போதும். யாருடைய நாணயம், எந்த நாடு, எந்த ஆண்டு, உலோகக் கலவை, எடை, எங்கே எந்த விலைக்கு வாங்கியது. ரசீது இருந்தால் அதன் நகல். இவை இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர்கள் அதை வெறும் வெள்ளியாக எடை போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

அட்டையின் பின்பக்கத்தில், அந்தப் பாடகர் பாடியதில் உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டின் பெயரையும், யார் சொல்லி முதலில் கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். பென்சிலால் எழுதினால் நல்லது, பேனா மை இந்த ஊர் ஈரத்தில் கசிந்து நாணயத்தில் ஏறிவிடும்.